பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடம்

செங்கிணற்றுத் தொடக்கப்பள்ளி தன் தலைமை ஆசிரியருக்குப் பின்னால் எழுந்து நடந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முதல் மணி அடித்து, பிள்ளைகள் வாழ்த்துப் பாடி முடித்து, வரிசையாக உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகு. ஏன் போனது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

தலைமை ஆசிரியர் அருமைநாயகம் அன்றைக்குப் பயிற்சிக்குக் கிளம்பியிருந்தார். அவர் கிளம்பாத வாரம் எது? தலைமைப் பண்பு என்று ஒரு பயிற்சி, அந்தப் பண்பை மேம்படுத்த ஒரு பயிற்சி, மேம்பட்டது கீழே இறங்கிவிடாமல் பிடித்துவைக்க ஒரு பயிற்சி, பிடித்துவைத்ததைப் பக்கத்துப் பள்ளிக்காரரோடு பங்கிட்டுக்கொள்ள ஒரு பயிற்சி, இத்தனையிலும் மனம் சோர்ந்துபோகாமல் இருக்க மூச்சை இழுத்து விடுகிற பயிற்சி என்று மாவட்டத் தலைநகரில் இருந்த மையம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அவரும் போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் கொடுத்தனுப்பிய துணிப்பைகளில் அவர் மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் முருங்கைக்காய் போட்டு அனுப்பி, சொந்தக்காரர்கள் தீர்ந்துபோய், பைகள் தீராமல் கிடந்தன.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேசினால் கோபமாகத்தான் பேசுவார். அந்தக் கோபத்துக்கெல்லாம் காரணம் ஒரு விரிசல்.

பள்ளிக்கூடம் என்பது ஒரே நீளக் கூடம். அதன் வடக்கு மூலையில் மேலே காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி நோயாளியின் விலா எலும்பு மாதிரித் தெரிந்தது. அங்கேயிருந்து ஒரு விரிசல் கிளம்பி, அவசரமே இல்லாமல் தெற்கே பார்த்து வந்துகொண்டிருந்தது. அருமைநாயகம் தரையில் சுண்ணக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டு, "இதுக்கு அந்தப் பக்கம் எவனாவது காலை வச்சா காலு இருக்காது" என்று சொல்லி வைத்திருந்தார். மேலே விரிசல் நகர நகர, கீழே அவர் கோட்டை அழித்துத் தள்ளிப் போடுவார். கோடு தெற்கே வர வர, ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் மழைக்கு ஒதுங்கிய ஆட்டுக்குட்டிகள் போல ஒருவர் மேல் ஒருவர் ஒண்டிக்கொண்டு வந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் கூரையைச் சரி பண்ணியாக வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒரு பிள்ளை தலையில் அது இறங்கும். அவருக்கு வேறு கவலை கிடையாது.

போன பயிற்சிகளிலெல்லாம் அதிகாரிகளிடம் சொன்னார். நேரில் வந்து பார்க்காமல் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். வந்து பாருங்கள் என்றார். பார்க்கவேண்டிய பொறியாளர் பயிற்சியில் இருக்கிறார் என்றார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குளத்துக்கரை மேல் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தவர், பின்னால் உரசுகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தது. வாய்க்காலைக் கடக்கிற பெண் சேலையை லேசாகத் தூக்கிப் பிடிப்பாளே, அது மாதிரி அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கருவேல முள் மேலே படாமல் ஒதுங்கி ஒதுங்கி வந்தது. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள் முகம். வாசற்படியில் உதவி ஆசிரியை சண்முகவடிவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன டீச்சர் இது?"

"தெரியல சார். நீங்க வாசலைத் தாண்டினதும் இதுவும் கிளம்பிட்டு."

"பிள்ளைக?"

"எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கு சார்."

"அப்ப சரி" என்றார்.

அவர் பஸ் ஏறினார். பள்ளிக்கூடம் பஸ்ஸுக்கு முன்னால் போனது. கண்டக்டர் அவர் பக்கத்தில் வந்து, "சாரு, உங்க பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் ஓரமா வரச் சொல்லுங்க, எத்தனை ஹாரன் அடிச்சாலும் ஒதுங்க மாட்டேங்குது" என்றான். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏ, ஓரமாப் போ" என்று ஒரு சத்தம் போட்டார். அது ஓரமாகப் போனது.

ஊரில் பத்து மணிக்கு மேல் சத்துணவுச் சமையல்காரி பேச்சித்தாய் உலை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சமையல் கொட்டகை இருந்தது, கொடிக்கம்பம் இருந்தது, நடுவில் பள்ளிக்கூடம் இருந்த இடம் குளித்துவிட்டு வந்த முதுகு மாதிரி வெறுமனே கிடந்தது. தாய்மார்கள் கூடினார்கள்.

"ஏட்டி, பள்ளிக்கூடம் எங்க?"

"சாரு கூடப் பயிற்சிக்குப் போயிருக்காம்."

"சாயங்காலம் வந்துருமா?"

"சாரு வந்தா அதுவும் வரும்."

"வரட்டும். வெயில்ல அலையாம இருந்தாச் சரி."

அவ்வளவுதான். பேச்சித்தாய் சோற்றுப் பானையை இறக்கி, சாம்பார்ச் சட்டியை மேலே வைத்து, முட்டைகளைத் துணியில் முடிந்துகொண்டு, "எனக்கு யாரு பஸ் சார்ஜ் குடுப்பா" என்று வைதுகொண்டே அடுத்த பஸ்ஸில் ஏறிப் பின்னால் போனாள்.

பயிற்சி மையத்தின் வாசலில் காவலாளி மறித்தான். பங்கேற்பாளர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றான். அருமைநாயகம் அவனை முறைத்தார். பயிற்சி நடத்துகிற கருத்தாளர் குணசீலன் ஓடி வந்தார். சின்ன வயது, சட்டைக் காலரில் ஒரு மைக், எந்நேரமும் சிரிப்பு. பள்ளிக்கூடத்தை ஏற இறங்கப் பார்த்தார். ஆச்சரியம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. "இன்னைக்கு ஒரு ஹெச்.எம். வரலைங்கய்யா, அந்த இடம் காலியாத்தான் இருக்கு. ஐந்தாவது குழுவுல போட்டுக்கலாம்" என்றார். ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பையை மாட்டினார்கள். கதவில் பெயர் அட்டை குத்தினார்கள். பதினொரு மணிக்குத் தேநீர் வந்தபோது, யாரும் குடிக்காவிட்டாலும், வாசற்படியில் ஒரு கோப்பை வைக்கப்பட்டது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே குளிர்ந்த அரங்கம், மெத்தை நாற்காலி, மேலே ஒரு கீறல் இல்லாத வெள்ளைக் கூரை. அருமைநாயகம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, வாசலில் நின்ற பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு. வந்து பார் பார் என்று இத்தனை நாள் கத்தியும் வராதவர்களின் வாசலுக்கே அது வந்து நின்றுவிட்டது, இனிமேல் பார்க்காமல் எப்படிப் போவார்கள்?

போனார்கள். அதிகாரிகளின் வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போனது. வண்டி நிறுத்த இடம் குறைகிறது என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாலையில் மைக் கைமாறி வரும், ஒவ்வொருவரும் எழுந்து பயிற்சி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும், சொல்லி முடித்தால்தான் விடுவார்கள், ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸோ யாருக்காகவும் நிற்காது. ஆகவே யார் சீக்கிரம் புகழ்கிறாரோ அவர் சீக்கிரம் பஸ் பிடிப்பார் என்பதை மாவட்டத்தின் தலைமை ஆசிரியர்கள் எல்லாரும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மிகவும் பயனுள்ளதாக இருந்தது, இன்னும் இரண்டு நாள் நீட்டித்திருக்கலாம் என்று ஒருவர் பின் ஒருவராக மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி ஓடினார்கள். மேலே இருந்தவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். இரண்டு நாள் நீட்டித்தார்கள்.

அருமைநாயகம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரையைச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் புளியடிப் பள்ளித் தலைமை ஆசிரியர் பூலோகபாண்டி வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"வே, உண்மையைச் சொன்னீருன்னா மறுபயிற்சி போட்டுருவான். புகழ்ந்துட்டு வாரும், பஸ்ஸு போயிரும்."

"உம்ம பள்ளிக்கூடம் எப்படி இருக்கு?"

"என்னுது ஒழுகும். ஆனா சோம்பேறி, உம்முது மாதிரி எந்திரிச்சு வராது. அது வரைக்கும் நான் தப்பிச்சேன்."

"நல்லாருந்துது" என்று மைக்கில் சொல்லிவிட்டு அருமைநாயகம் உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லத்தான் செய்தார்.

அதற்குப் பிறகு அவர் போகும்போதெல்லாம் பள்ளிக்கூடமும் போனது, ஊரும் அதற்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அந்த வெறும் தரையில் மிளகாய் காயப்போட்டார்கள்; சூடு நன்றாக ஏறுகிறது, இரண்டே வெயிலில் வத்தல் கலகலக்கிறது என்று பேச்சு பரவி, தெருவில் அவரைப் பார்த்தால், "சாரு, நாளைக்குப் பயிற்சி உண்டுமா? ஒரு சாக்கு மிளகாய் கெடக்கு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்றால் முகம் வாடினார்கள். குளத்துக்கரையில் எதிர்ப்பட்ட மாடுகள் பள்ளிக்கூடத்துக்கு வழிவிடப் பழகின. டவுனுக்குப் போக வேண்டிய கிழவர்கள் காலையில் வந்து பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டு, "பஸ் சார்ஜ் மிச்சம்" என்றார்கள்; அருமைநாயகம் அவர்களையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளி உட்கார வைத்தார். தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வந்தபோது தாய்மார்கள் டிரைவரை மறித்து, "உங்க பள்ளிக்கூடம் நடக்குமாய்யா? எங்களுது நடக்கும்" என்றார்கள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

எல்லாருக்கும் பெருமை. அவருக்கு மட்டும் எரிச்சல். "ஏட்டி, அது மேல விரிசல் கெடக்கே, அதை யாராவது நினைச்சுப் பாத்தியளா?" என்று கத்தினால், "சாரு இருக்கையில எங்களுக்கு என்ன" என்றார்கள். அவர் எங்கே இருந்தார்? அவர் பயிற்சியில் அல்லவா இருந்தார்.

நடந்து நடந்து விரிசல் அகன்றது. ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையில் குணசீலனின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்துக்குள் நிறுத்தினார்.

"பாரும்."

குணசீலன் பார்த்தார். தரையைப் பார்த்தார். சுண்ணக்கட்டிக் கோட்டைப் பார்த்தார். அழிக்கப்பட்ட பழைய கோடுகள் வரிவரியாக வடக்கே போவதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அருமைங்கய்யா! குறைந்த இடத்துல ஐந்து வகுப்பு! இதைத்தான் நாங்க புத்தாக்கம்னு சொல்றோம்!"

"கோட்டைப் பாக்காதீரும்யா. மேலே பாரும்."

"மேலே வந்து, கட்டடப் பராமரிப்புங்கய்யா. அது நாளைக்கு நாலாவது அமர்வு. இப்பவே அதுக்குள்ள போயிட்டா ஓட்டம் தப்பிரும்."

அடுத்த பயிற்சியில் எல்லாத் தலைமை ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு சுண்ணக்கட்டி கொடுத்தார்கள். எல்லாரும் குனிந்து அரங்கத்துப் பளபளத் தரையில் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு பக்கமாக நெருக்கி உட்கார்ந்து, நெருக்கத்தில் தலைமைப் பண்பு எப்படி வளர்கிறது என்று குழுவாக விவாதித்தார்கள். அருமைநாயகம் விவாதிக்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மாலையில் சிறந்த பங்கேற்பாளர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவருக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு. அதை அதன் வெளிச்சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். ஆணி அடித்த அதிர்வில் உள்ளே ஒரு கை அகலம் காரை விழுந்தது.

அன்றைக்கு ராத்திரி அவர் கோட்டை இன்னும் தெற்கே தள்ளினார். மறுநாள் முதல் பிள்ளைகள் உட்கார இடமில்லை. நின்றுகொண்டு படித்தார்கள்.

ஐப்பசி பிறந்தது. மேற்கே மலை கறுத்துக் கிடந்த ஒரு காலையில் மறுபடியும் பயிற்சி. தலைப்பு: மழைக்காலத்தில் பள்ளிப் பாதுகாப்பு. வர முடியாது, மழை வரப்போகிறது என்று போனில் சொன்னார். மழை வருவதால்தான் இந்தப் பயிற்சியே, வராவிட்டால் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும் என்றார்கள். அவர் பள்ளிக்கூடத்தின் முன்னால் போய் நின்று, நாயை அதட்டுகிற மாதிரி, "நீ வராத. இங்கயே கெட" என்றார். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். வந்துகொண்டுதான் இருந்தது. நொண்டிக்கொண்டு வந்தது.

அரங்கத்துக்குள் குணசீலன் எல்லாரையும் உற்சாகப்படுத்த ஒரு கைதட்டல் விளையாட்டு வைத்தார். முதலில் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், பிறகு இரண்டு விரல், பிறகு மூன்று, பிறகு முழுக் கை. தூறலில் தொடங்கி அடைமழையாகும், பிறகு விரல் குறைந்து குறைந்து மழை வெறிக்கும். மாவட்டத்தின் தலைமை ஆசிரியர்கள் அத்தனை பேரும், நரைத்த தலையும் வழுக்கைத் தலையுமாக, கண்ணை மூடிக்கொண்டு மழை பெய்ய வைத்தார்கள். அரங்கம் கொட்டித் தீர்த்தது. "அருமை, இப்ப மழை நிக்கப் போகுது, ஒரு விரல், ஒரே விரல், நிறுத்துங்க" என்றார் குணசீலன். எல்லாரும் நிறுத்தினார்கள்.

சத்தம் நிற்கவில்லை.

அருமைநாயகம் எழுந்தார்.

"ஐயா, அமர்வு இன்னும் முடியலைங்கய்யா."

"முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டு, நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து மழைக்குள் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் முற்றத்தில் சுவரெல்லாம் நனைந்து நின்றது. உள்ளே பிள்ளைகள் தெற்குச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்க, விரிசல் கோட்டைத் தாண்டி அவர்கள் தலைக்கு மேலே வந்து, அதன் வழியாகத் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், வெளிய! பைக்கட்டு வேண்டாம், பிள்ளைகளைத் தள்ளுங்க!"

"எங்க சார் போக?"

"அங்க!" என்று அரங்கத்தைக் காட்டினார்.

சின்னதுகளை இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக அவர் அள்ளிக்கொண்டு ஓட, பெரிய பிள்ளைகள் சண்முகவடிவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சங்கிலியாக ஓட, பேச்சித்தாய் சோற்றுப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு, "வழி விடுங்கய்யா, சுடுசோறு!" என்று கத்திக்கொண்டு கடைசியாக ஓடினாள். கடைசிப் பிள்ளையின் கால் அரங்கத்துப் படியில் பட்டது. பள்ளிக்கூடம் அதற்குத்தான் காத்திருந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு கூரை அப்படியே உள்ளே உட்கார்ந்தது. மழைக்குள் சுண்ணாம்புத் தூசி வெள்ளையாக எழுந்து, அப்படியே கரைந்தது.

தலைமை ஆசிரியர்கள் நாற்காலிகளை விட்டு எழுந்தார்கள். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். குணசீலன் மைக்கில், "யாரும் பதற்றப்பட வேண்டாம், அவரவர் குழுவிலேயே இருங்க, இடர்ப்பாட்டுக்கு அடுத்து என்ன செய்வதுங்கறது ஐந்தாவது அமர்வுல வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு ஓர் அதிகாரி வந்தார். இடிந்ததைச் சுற்றி வந்தார்.

"இப்ப நேரில் வந்து பார்த்திருக்கோம். என்ன குறைன்னு சொல்லுங்க."

"பாருங்க" என்றார் அருமைநாயகம். "மேல பாருங்க. ஒண்ணும் இல்ல."

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். கண்ணில் மழை விழுந்தது.

அப்போதுதான் கண்ணாடிக் கதவோரம் நின்றிருந்த பூலோகபாண்டி, "வே" என்றார். வெளியே கையை நீட்டினார். "வே, அருமைநாயகம். அங்க பாரும். அது என் பள்ளிக்கூடம்லா."

வாசலுக்கு வெளியே, மழையில், மஞ்சள் சுவரும் நெளிந்த தகரக் கூரையுமாகப் புளியடிப் பள்ளிக்கூடம் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூடம் ஒன்று, அதற்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஒன்று, கதவு இல்லாத ஒன்று, ஒரு பக்கச் சுவருக்கு மூங்கில் முட்டுக் கொடுத்த ஒன்று, முட்டோடு சேர்ந்தே நடந்து வந்திருந்தது, அதற்கும் பின்னால் சாலை வளைவு வரைக்கும், மழை மறைக்கிற தூரம் வரைக்கும், பள்ளிக்கூடங்கள் வரிசையாக நின்று, பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர்கள் எட்டிப் பார்ப்பதுபோல, தத்தம் தலைமை ஆசிரியரைத் தேடி எட்டி எட்டிப் பார்த்தன. எல்லா ஜன்னலிலும் பிள்ளைகள். எல்லாக் கூரையும் ஒழுகிற்று.

பூலோகபாண்டி செருப்பைக்கூடப் போடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர், பிறகு மொத்தப் பேரும். மைக்கை நீட்டிக்கொண்டு குணசீலன், "ஐயா, ரெண்டு வார்த்தை, பயிற்சி எப்படி இருந்ததுன்னு ரெண்டே வார்த்தை" என்று கதவு வரைக்கும் வந்தார். யாரும் நின்று சொல்லவில்லை. ஒவ்வொருவராகத் தத்தம் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்து, படியேறி, உள்ளே போய் அண்ணாந்து மேலே பார்த்தார்கள். பள்ளிக்கூடங்கள் அஸ்திவாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பி, வந்த வழியே நடந்து போயின.

அரங்கம் காலியானது. செங்கிணற்றுப் பிள்ளைகள் மட்டும் மெத்தை நாற்காலிகளில், கால் தரையில் எட்டாமல் தொங்க, தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

குணசீலன் வந்தார். சிரிப்பு இல்லை.

"ஐயா, நாளைக்கு இங்க பயிற்சிக்கு அடுத்த தொகுதி ஆளுங்க வர்றாங்கய்யா."

 அருமைநாயகம் மேடைக்குப் போய், வெள்ளைப் பலகையில் எழுதியிருந்த பாதுகாப்பின் ஐந்து படிகளை ஈர உள்ளங்கையால் துடைத்தார். பிறகு பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி, அந்த வெள்ளைக் கூரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்தார். திரும்ப ஒரு தடவை பார்த்தார்.

பேச்சித்தாய் கடைசித் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"சாரு, ஊருக்கு இனி நடந்து போகப் பள்ளிக்கூடமும் இல்லை. நாளைக்கு உலை எங்க வைக்கட்டும்?"

"இங்கதான்" என்றார்.

அவள் குணசீலனை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் அடுப்புப் போட இடம் பார்க்கப் போனாள்.